மறுபடிக் கூட்டம்

கொழிஞ்சாம்பாறை முக்கில் ஒரு கட்சி கூட்டம் போட்டால் அடுத்த வாரமே அதே இடத்தில், அதே மைக் செட்காரரின் அதே குழாய் ஸ்பீக்கரில், எதிர்க்கட்சி மறுபடிக் கூட்டம் போடும். போன வாரம் இவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்குப் பதில் அதற்கடுத்த வாரம் வரும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு சினிமாக் கொட்டகையை விட்டால் இதுதான் பொழுதுபோக்கு. கொட்டகைக்கு டிக்கெட் உண்டு, இதற்கு இல்லை.

எங்கள் வீடு முக்கிலிருந்து கூப்பிடு தூரம். பெண்கள் கூட்டத்துக்குப் போவது வழக்கமில்லை, போகத் தேவையும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டே முழுப் பேச்சையும் கேட்டுவிடலாம். பாலக்காட்டிலிருந்து வரும் பேச்சாளர் சுத்த மலையாளத்தில் ஆரம்பிப்பார். கூட்டம் அசையாமல் நிற்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து போய்க் காதில் ஏதோ சொல்வார். அப்புறம் அவருக்குத் தெரிந்த தமிழ் வரும், வினையெல்லாம் மலையாளத்தில் முடிகிற தமிழ். கைதட்டல் அதற்குத்தான். காங்கிரஸ், மார்க்சிஸ்ட், ஜனதா மூன்றுக்கும் ஊரில் ஆள் உண்டு. எல்லை தாண்டிவந்த தி.மு.க., அ.தி.மு.க. கொடிகளும் அங்கங்கே பறக்கும்.

கேரளம் என்றதும் மழையையும் காயலையும் நினைக்கிறவர்கள் எங்கள் ஊரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். கரிசல் மண், பனைமரம், நிலக்கடலை. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று ஓட்டுக்கூரையைப் பிய்த்துப் போடுவதுபோல வீசும், மேகமெல்லாம் தலைக்கு மேலேயே ஓடிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடும். விடிகாலையில் சித்தூர்க் கள்ளு ஏற்றின வண்டிகள் தெற்கே மற்ற மாவட்டங்களுக்குக் கிளம்பும். டீக்கடை பெஞ்சில் மாத்ருபூமியும் தினத்தந்தியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் படிக்கத் தெரிந்தவனுக்குக் கடையில் தனி மரியாதை. என் அண்ணனுக்கு அந்த மரியாதை பதினெட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது.

மாரியம்மன் நோன்பிக்குப் பட்டிமன்றம் வைப்பார்கள். கோவையிலிருந்தோ உடுமலையிலிருந்தோ புலவர்கள் வருவார்கள். கண்ணகியா மாதவியா, குடும்பத்தின் மகிழ்ச்சி கணவன் கையிலா மனைவி கையிலா, இப்படித்தான் தலைப்பு. இந்த அணிக்கும் கைதட்டுவோம், அந்த அணிக்கும் கைதட்டுவோம். நடுவர் கடைசியில் இருவரையும் தட்டிக்கொடுத்து ஒரு தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பைக் கேட்டு வீட்டில் புருஷன் பெண்டாட்டி யாரும் மாறியதாக நான் அறியவில்லை. குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனபோது அவருக்கு வேறு எண்ணம் இருந்திருக்கலாம். எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அது கச்சேரியாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நல்ல கச்சேரி.

எங்கள் வீட்டுக்குள் நடந்த கச்சேரி வேறு மாதிரி. சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அண்ணன் சித்தூர் காலேஜில் படித்துக்கொண்டே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஆட்களோடு சுற்றிக்கொண்டிருந்தான். நடுவில் சைலண்ட் வேலி.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணார்க்காட்டுக்கு மேலே குந்திப்புழை ஓடும் காட்டில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973ல் திட்டக் கமிஷன் அனுமதி கொடுத்தது. முதலில் 120 மெகாவாட், பிறகு 240 வரை போகலாம். கூடவே பாசனம். காட்டை அழிக்கக் கூடாது என்று சிலர் சொல்ல ஆரம்பித்தபோது எங்கள் பக்கத்தில் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டு பல்பு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். மோட்டார் எடுக்காது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் கடலை காயும். இந்த நிலையில் சிங்கவால் குரங்குக்காக அணை வேண்டாம் என்றால் யாருக்கு ஏறும்?

“கொரங்குக்குக் கரண்டு வேணுமா, மனுசனுக்கு வேணுமா, சொல்றா” என்பார் சித்தப்பா. மாநிலம் முழுக்க மேடைகளில் கேட்கப்பட்ட கேள்விதான் அது. சட்டமன்றத்திலும் ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்ற வேறுபாடில்லாமல் திட்டம் வேண்டும் என்றார்கள். அண்ணன் மழைக்காடு, பல்லுயிர் என்று பரிஷத் வகுப்பில் கேட்டதை ஒப்பிப்பான். சுகதகுமாரியும் இன்னும் பல கவிஞர்களும் காட்டுக்காக எழுதிய கவிதைகளைக் கூட்டத்துக்குக் கூட்டம் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. சித்தப்பாவுக்குக் கவிதை காதில் ஏறாது. அவர் கம்பத்தில் ஏறுகிறவர். அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, “பேசித் தீர்த்துட்டுக் கூப்பிடுங்க, ரசம் ஊத்தறேன்” என்று போய்விடுவாள்.

பரிஷத் 1979ல் ஒரு அறிக்கை கொண்டுவந்தது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், அணுசக்தித் துறையிலிருந்து வந்த எம்.பி. பரமேஸ்வரன், மின் பொறியாளரான வி.கே. தாமோதரன் உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து எழுதியது. அதில் குரங்கு மட்டும் இல்லை, கம்பியும் இருந்தது. 1976ல் இடுக்கி மின்நிலையம் ஓட ஆரம்பித்தபின் கேரளத்தில் மின்சாரம் மிச்சமாகிப் பக்கத்து மாநிலங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க வடக்கே ஏன் இருட்டு? உற்பத்தி போதாமல் இல்லை, கொண்டுவருகிற லைன் சரியில்லை, வழியிலேயே வீணாகிறது என்பது அவர்கள் வாதம்.

சித்தூரில் ஒரு வாயனசாலையில் இதைப் பற்றிப் பேச பரிஷத் ஆள் ஒருவர் வந்தார், இன்ஜினீயரிங் காலேஜ் வாத்தியார். அண்ணன் எப்படியோ சித்தப்பாவை இழுத்துக்கொண்டு போனான். மேடையில் மல்லுக்கு நிற்கலாம் என்ற நினைப்பில்தான் அவரும் போனார். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. கை கால் கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். “என்ன சித்தப்பா?” என்று அண்ணன் நோண்டினான். “லைன் லாசு பத்திச் சொன்னான். அது செரி” என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு லைன் லாஸ் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. எந்த போஸ்ட்டிலிருந்து எந்த போஸ்ட் வரைக்கும் வோல்டேஜ் எவ்வளவு விழும், எந்தத் தோட்டத்து மோட்டார் ஓடினால் எந்தத் தெருவில் விளக்கு மங்கும் என்று அவர் விரலில் கணக்கு இருந்தது. மேலதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சங்கதி. அதையே மெத்தப் படித்த ஒருவர் மேடையில் நின்று சொன்னதும் மனிதர் வாயடைத்துவிட்டார். கட்சி மாறவில்லை, காட்டைக் காப்போம் என்று கோஷமும் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குரங்குப் பேச்சு அவர் வாயில் வரவே இல்லை. அண்ணன் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டான். அவன் சொன்ன எதுவும் ஜெயிக்கவில்லை என்பது எனக்குத் திண்ணையிலிருந்தே தெரிந்தது.

வெளியேயும் ஏறக்குறைய இதே கதைதான். பரிஷத் இடதுசாரிகளுக்கு நெருக்கமான அமைப்பு. நாயனார் தலைமையில் இடதுசாரி அரசு வந்து அதுவும் திட்டத்தை ஆதரித்தபோது, சொந்தக்காரர்களோடுதான் அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எதிர்க்கட்சிக்காரன் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் ஒரு மறுபடிக் கூட்டத்தில் முடிந்திருக்கும். நம்மாள் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம், திட்டிவிட்டாவது யோசிக்க வேண்டியிருக்கிறது. தில்லியில் இந்திரா காந்தி, எம்.ஜி.கே. மேனன் குழு என்று கோப்பு நகர்ந்து 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது இந்திரா உயிரோடு இல்லை. திட்டத்தைக் கைவிட்ட செய்தி பத்திரிகையில் வந்த அன்று சித்தப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “அப்ப அந்த லைன எப்பப் போடறானுங்களாம்?”

படித்து முடித்து, கேரள அரசுத் தேர்வாணையப் பரீட்சை எழுதி, தமிழ் வழிப் பள்ளி ஆசிரியையாக எனக்கு வேலை வந்தது இடுக்கி மாவட்டத்தில். கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் எங்கள் பக்கத்தையும் மூணாறு, பீர்மேடு, குமுளிப் பக்கத்தையும் விட்டால் குறைவு. அதனால் எங்களில் பலருக்கு வாழ்க்கையே இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான். வேடிக்கை என்னவென்றால், கேரள அரசு ஊழியையான நான் ஒரு கேரள மாவட்டத்திலிருந்து இன்னொரு கேரள மாவட்டத்துக்குத் தமிழ்நாடு வழியாகத்தான் போய்வந்தேன். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம். கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பச்சை, திராட்சைப் பந்தல், நெல், வாழை. அப்புறம் லோயர் கேம்ப். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். கீழே பார்த்த பச்சையெல்லாம் அந்தக் குழாய் வழியாக வந்தது. கரிசல் காட்டில் காய்ந்த கடலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு பொறாமை வரும்.

மலை ஏறினால் குமுளி. ஊருக்குள் வரும் முன்பே ஏலக்காய் வாசனை வந்துவிடும். காலை ஆறரைக்கெல்லாம் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் வரிசையாக ஏறிவரும், ஒவ்வொன்றிலும் அடைத்துக்கொண்டு பெண்கள், இடுப்பில் சாப்பாட்டுத் தூக்கு. ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். ரோசாப்பூக்கண்டத்துத் தெருக்களில் நடந்தால் எங்கே இருக்கிறோம் என்றே மறந்துவிடும், அத்தனையும் தமிழ்ப் பேச்சு. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் சாயா, அந்தப் பக்கம் டீ. இரண்டிலும் ஒரே தேயிலை. நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மழைக்காலத்தில் இங்கே கொட்டும், நாலு எட்டு தள்ளித் தமிழ்நாட்டுச் சரிவில் வெயில் அடிக்கும்.

இருபது வருஷம் அந்த எல்லையை நான் எல்லையாகவே நினைக்கவில்லை. 2011 டிசம்பரில் நினைக்க வேண்டிவந்தது.

முல்லைப் பெரியாறு கதையைத் தமிழ் வாசகர்களுக்கு முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29ல் 999 வருஷக் குத்தகை, 1895ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை, 1979ல் 136 அடிக்கு இறக்கிய நீர்மட்டம், பலப்படுத்திய வேலைகள், 142 அடி தேக்கலாம் என்ற 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்கு எதிராகக் கேரளம் உடனே கொண்டுவந்த சட்டம். 2011 ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தன. பாத்திரம் ஆடியதை நானே பார்த்தேன். நவம்பர் கடைசியில் ‘டேம் 999’ என்று ஒரு சினிமா வேறு.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் மனோரமாவும் தினத்தந்தியும் வரும். மலையாளம் மீடியம், தமிழ் மீடியம் ஆசிரியர்கள் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். ஒரு தாளில் அணை நாளைக்கு உடையும், லட்சக்கணக்கில் ஜனம் சாகும். இன்னொரு தாளில் அதே அணை மலைபோல நிற்கும், எல்லாம் இடுக்கி மின்சாரத்துக்கான சதி. சுண்ணாம்பும் சுர்க்கியும் நூற்றுப் பதினாறு வருஷத்தில் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. வாத்தியார்கள் நாங்கள் எல்லோருமே தெரிந்தமாதிரிப் பேசினோம். இரண்டு தாளும் படிக்கிறவர்கள் தமிழ் மீடியம் ஆசிரியர்கள்தான், ஆனால் இரண்டையும் படித்ததால் யாரும் நடுவில் வந்து நிற்கவில்லை. கோபம் இரட்டிப்பானது, அவ்வளவுதான். மேஜை இரண்டானது அந்த மாதத்தில்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒருநாள் பார்த்தால் டிஃபன் பாக்ஸ்கள் தனித்தனி.

வண்டிப்பெரியாற்றிலிருந்து கொச்சி வரை மனிதச் சங்கிலி நின்றது. சப்பாத்தில் 2006லிருந்தே தொடர் உண்ணாவிரதப் பந்தல் இருந்தது. அந்தப் பக்கம் கம்பம், கூடலூரிலிருந்து பல்லாயிரம் பேர் லோயர் கேம்ப் நோக்கி நடந்தார்கள். காலை ஜீப்புகள் நின்றுபோயின. காய் பழுத்துச் செடியிலேயே கிடந்தது. உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பாத்திர பண்டத்தைக் கட்டிக்கொண்டு காட்டுவழியே போடிக்கு இறங்கின. அண்ணன் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன் பண்ணினான், பொள்ளாச்சிப் பக்கமிருந்து காய்கறி லாரி வரவிடாமல் மறிக்கிறார்களாம், தக்காளி இல்லையாம். “நீ கெளம்பி வா புள்ள” என்றான். எந்த வழியாக வருவது?

எல்லா மேடையும் நடந்தது, எல்லா மேடையிலும் பேசியவர்கள் தங்கள் ஆட்களிடமே பேசினார்கள். குமுளியில் நின்று தமிழ்நாட்டு விவசாயியைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடலூரில் நின்று வண்டிப்பெரியாற்றுக்காரனைப் பார்த்தும் யாரும் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறையில் குறைந்தபட்சம் போன வாரம் அவன் சொன்னது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

ஒரே ஒரு குரல் மாறி ஒலித்தது. கேரள அட்வகேட் ஜெனரல் கே.பி. தண்டபாணி உயர் நீதிமன்றத்தில், முல்லைப் பெரியாறுக்கு ஏதாவது நேர்ந்தாலும் அந்தத் தண்ணீரை இடுக்கி அணை தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் சொன்னார். அரசு வக்கீலே இப்படியா என்று கேரளம் கொதித்தது. பதவியை விட்டு நீக்கு என்றார்கள். தமிழ்நாட்டில் அதைத் தலைப்புச் செய்தியாக்கிக் கொண்டாடினார்கள். நம்மாள் சொன்னால் யோசிப்பார்கள் என்ற என் சைலண்ட் வேலிப் பாடம் இங்கே செல்லவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தால் லேசானதுதான். இடுக்கி அணை தாங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறுக்கும் இடுக்கி அணைக்கும் நடுவில் வண்டிப்பெரியாறு இருக்கிறது, உப்புத்தறை இருக்கிறது. அவர்களை எது தாங்கும்? கொச்சியில் உட்கார்ந்து சொல்கிறவர் அவர்களுக்கு நம்மாள் இல்லை.

வண்டிப்பெரியாற்று லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலும் யார்? தமிழர்கள். தேயிலை எஸ்டேட் ஜனம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறவள். பிறந்த வீடு கம்பத்துக்குப் பக்கத்தில், அண்ணன்காரன் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறான். பரீட்சைக்கு முன்னால் மகளின் டி.சி. கிடைக்குமா என்று கேட்க வந்தாள். ஊருக்கே போய்விடுகிறீர்களா, நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் ஏதோ கேட்டுவைத்தேன். “தண்ணி வேணும்னு கேக்கறதும் நம்ம சனந்தான் டீச்சர், ஒடஞ்சா அடிச்சிட்டுப் போறதும் நம்ம சனந்தான்” என்றாள். டி.சி. வாங்காமலேயே போனாள். இரண்டு மாநிலத்து மேடைகளில் எதிலும் அவளைப் பேசக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இரண்டு பக்கமும் கல் எறிந்திருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டம் செல்லாது என்றது, அந்த நவம்பரில் நீர்மட்டம் 142ஐத் தொட்டது. அதனால் யாருடைய மனமும் மாறவில்லை, மாற்றுவது கோர்ட்டின் வேலையும் இல்லை. மேஜை மட்டும் ஒன்றரை வருஷத்துக்குள்ளேயே பழையபடி ஒன்றாகிவிட்டிருந்தது. ஒரு மலையாளம் டீச்சருக்குப் பேரன் பிறந்தான், உன்னியப்பம் கொண்டுவந்தார், எடுத்துக்கொள்ள எல்லோரும் ஒரே மேஜைக்கு வர வேண்டியிருந்தது. அணையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பிளாச்சிமடைக் கதை கேட்பேன், எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 2000ல் கோலா கம்பெனிக்கு உரிமம் கொடுத்த அதே பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003ல் அதைப் புதுப்பிக்க மறுத்தது. நடுவில் நடந்தது, கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை என்று மயிலம்மாவும் அந்தக் காலனிப் பெண்களும் 2002 ஏப்ரல் 22லிருந்து கேட் முன்னால் உட்கார்ந்தது. வந்தவர்களிடம் விளக்கமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தண்ணீரை மோந்து கொடுத்தால் போதும் என்பான் அண்ணன். அணை விவகாரத்தில் அப்படி மோந்து கொடுக்க எதுவும் இல்லை.

இடுக்கிக்காரர்களைப் புரிந்துகொள்ள அமராவதிக்குப் போக வேண்டும். குமுளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடுக்கி நீர்த்தேக்கத்துக்காக ஐயப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த விவசாயிகளை 1961ல் பிய்த்தெடுத்துக் கொண்டுவந்து கொட்டியது அங்கேதான், கொட்டும் மழையில். உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி அரசே காட்டைத் திறந்துவிட்ட காலத்தில் மலை ஏறியவர்களும் அதில் உண்டு. ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அவரோடு தோள் சேர்த்தது யார் என்றால் ஜோசப் வடக்கன் பாதிரியார், இரண்டு வருஷம் முன்பு கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த விமோசனப் போராட்டத்தின் தளபதிகளில் ஒருவர். மேடை மேடையாகக் கம்யூனிஸ்டுகளைச் சாடியவர். ஏ.கே.ஜி.யும் அவரைச் சேர்ந்தவர்களும் எத்தனை பதில் சொன்னபோதும் மாறாதவர், அமராவதியில் மழையில் கிடந்த குடும்பங்களைப் பார்த்து மாறினார். குமுளியில் பழைய ஆட்கள் இதைச் சொல்லும்போது ஏ.கே.ஜி. எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்பதைவிட, அச்சன் வந்தார் என்பதைத்தான் அழுத்திச் சொல்வார்கள்.

இறக்கிவிடப்பட்ட நினைவு அந்த மலையில் போகவில்லை. நிலப் பட்டயத்துக்காக மனுக் கொடுத்துக் கொடுத்து ஒரு தலைமுறை முடிந்தது. இந்த நேரத்தில்தான் மாதவ் காட்கில் அறிக்கை வந்தது, பின்னாலேயே 2013ல் கஸ்தூரிரங்கன் அறிக்கை, கேரளத்தில் 123 வில்லேஜ்கள் சூழல் முக்கியத்துவம் உள்ளவை என்று பட்டியல். காட்கில் அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம். எந்த இடம் எந்த மண்டலம் என்பதைக் கிராம சபைகளில் வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இதைவிட ஜனநாயகமாக ஒரு அறிக்கை எழுத முடியாது. மலைக்கு வந்து சேர்ந்ததோ வேறு. வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட்தான் அடிக்கணுமாம், ரெண்டு மாட்டுக்கு மேல் வளர்க்கக் கூடாதாம், அப்புறம் காடாக்கிவிட்டு நம்மை இறக்கிவிடுவார்களாம். இறக்கிவிடுவார்கள் என்ற ஒன்று போதும், மற்றதெல்லாம் நம்பப்பட்டுவிடும். நவம்பர் மாதம் ஹர்த்தால் மேல் ஹர்த்தால். கோயில், சர்ச், கடை, கட்சி எல்லாம் ஒரே பக்கம்.

எதிர்ப்பக்கம் நின்றவர் பி.டி. தாமஸ், இடுக்கியின் காங்கிரஸ் எம்.பி. வெளியாள் இல்லை. உப்புத்தோட்டில் பிறந்த குடியேறிக் குடும்பத்துப் பிள்ளை. காட்கில் சொல்வது சரி, இந்த மலையைக் காப்பாற்றாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொந்த ஜனத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உயிரோடிருக்கும் மனிதருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள், மதகுருமார்களே முன்னால் நடந்தார்கள். 2014ல் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை. ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதியின் வக்கீல் ஜாய்ஸ் ஜார்ஜ் இடதுசாரி ஆதரவோடு நின்று ஐம்பதாயிரத்துக்கும் அதிக ஓட்டில் ஜெயித்தார்.

சித்தப்பாவிடம் செல்லுபடியான மருந்து இங்கே ஏன் வேலை செய்யவில்லை என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். பேசியவர் நம்மாள், தைரியசாலி, அதற்காக விலையும் கொடுத்தார். ஆனால் சித்தப்பா தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதால் அவருக்கு ஒரு சென்ட் நிலம் போகவில்லை. குந்திப்புழைக் காட்டில் வீடு கட்டி, மிளகுக்கொடி ஏற்றி, அப்பனைப் புதைத்துவிட்டு யாரும் இருக்கவில்லை. காலுக்குக் கீழே மண் இல்லாத இடத்தில் வாதம் ஜெயித்துவிடுகிறது. சைலண்ட் வேலியை வைத்துக்கொண்டு மக்களிடம் பேசினால் மாறுவார்கள் என்று எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுதுவதில்லை.

2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டரை இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். அடுத்த நாளைக்குள் ஐந்து ஷட்டரும் திறந்தாகிவிட்டது. அந்த மாதம் மலை எங்கெல்லாம் சரிந்தது என்று சொல்லி முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர், கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ் எஸ்டேட் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து ஜனம் பலர். பட்டயம் கேட்கக்கூட வழியில்லாதவர்கள். அந்த 2018க்குப் பின்தான் டி.வி. அந்திச் சர்ச்சைகளில் காட்கில் அன்றே சொன்னார் என்ற பேச்சு வந்தது. திட்டினவர்களே சொன்னார்கள். 2019ல் டீன் குரியாகோஸ், போன முறை தோற்ற அதே காங்கிரஸ்காரர், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இதை மனமாற்றம் என்று அண்ணன் சொன்னான். ராகுல் காந்தி வயநாட்டில் நின்ற வருஷம் அது, கேரளம் முழுக்கவே அப்படித்தான் ஓட்டு விழுந்தது என்றேன். வயதானாலும் அவனுக்கு ஜெயித்த கணக்கு எழுதும் பழக்கம் போகவில்லை.

2021 டிசம்பர் 22ல் பி.டி. தாமஸ் வேலூரில் இறந்தார். உடலைத் தமிழ்நாடு வழியாகக் கம்பம்மெட்டு ஏறித்தான் இடுக்கிக்குக் கொண்டுவந்தார்கள். கடுங்குளிர். இரவெல்லாம் வழியில் ஜனம் காத்து நின்றது, உப்புத்தோட்டிலும் நின்றது. கொச்சியில் மதச் சடங்கில்லாமல் எரித்து, அவர் விருப்பப்படி அஸ்தியை உப்புத்தோட்டுச் சர்ச் கல்லறையில் அம்மாவின் குழிக்குள் வைத்தார்கள். சவ ஊர்வலம் போன அதே மலை.

அதற்குள் நான் ஓய்வு பெற்று கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிவிட்டேன். முக்கில் இப்போது கூட்டம் நடப்பது தேர்தலுக்குத் தேர்தல்தான், பேசுகிறவர் கொடுத்த நேரத்துக்கு வந்து கொடுத்த நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். 2022 ஜூனில் கூட வேலை பார்த்த டீச்சர் மகள் கல்யாணத்துக்குக் குமுளி போனேன். போய்ச் சேர்ந்தால் ஹர்த்தால். தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் இடைப்பகுதி விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 3ஆம் தேதி உத்தரவு போட்டிருந்தது. அடுத்த வருஷம் அதைத் தளர்த்தினார்கள் என்பது பிறகு நடந்தது. அன்றைக்குக் கடை அடைப்பு, பஸ் இல்லை, 2013ல் கேட்ட அதே கோஷம்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், எழுபது வயது தாண்டிய ஏலத்தோட்டக்காரர், வாசலில் உட்கார்ந்திருந்தார். 2013ல் ரோட்டில் டயர் எரித்தவர்களில் அவரும் ஒருவர், நானே மாடியிலிருந்து பார்த்தேன். பி.டி. உடல் வந்த ராத்திரி மப்ளர் கட்டிக்கொண்டு கம்பம்மெட்டு போய் நின்றதாக டீச்சர் சொல்லியிருந்தார். அன்று காலை ஊர்வலத்திலும் போய்வந்திருந்தார், சட்டைப்பையில் பேட்ஜ்.

“சேட்டா, பி.டி. சொன்னதுதானே இது? அவருக்காக ராத்திரி முழுக்க நின்னீங்களே” என்றேன்.

“டீச்சரே, பி.டி. நல்ல மனுஷன். ஓட்டுக்காக வார்த்தையை மாத்தல. அதுக்குத்தான் போய் நின்னேன்” என்றார்.

“அப்ப அவர் சொன்னது?”

“அதுல என் நாலு ஏக்கர் இருக்கே டீச்சர்” என்றவர், மூன்று வருஷம் முன்பு கிலோ ஏழாயிரம் தொட்ட ஏலக்காய் இப்போது ஆயிரத்துக்கும் போகவில்லை, உரம் விலை என்ன தெரியுமா, ஜீப்புக்காரன் கூலி என்ன கேட்கிறான் தெரியுமா என்று ஆரம்பித்து, சாயா வந்து ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை.